காணாமல் போன 645 கிலோ மிளகு

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் வழியாகக் கொல்லிமலைக்குப் போகிறவர்கள் காளப்பநாயக்கன்பட்டியைத் தாண்டி, அடிவாரத்துக் காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். மலையில் விளையும் மிளகும் காபியும் வாழையும் பலாவும் இந்த வழியாக இறங்குகின்றன. காளப்பநாயக்கன்பட்டியில் இருந்துகொண்டு மலைச்சரக்கு வாங்கும் ஒருவர், தன் மிளகுக் கொள்முதல் கணக்கை எக்செலில் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இந்தக் கணக்கு நான் புனைந்தது. அதில் வரப்போகும் பிழைகள் உலகம் முழுக்க அன்றாடம் நடப்பவை.

ஒரு கொள்முதலுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் தேதி, விவசாயியின் பெயர், நாடு, எடை. நாடு என்றால் இங்கே தேசம் இல்லை. கொல்லிமலை பல காலமாகவே வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று 14 நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. மலையின் ஊராட்சிகளும் இந்தப் பெயர்களையே தாங்கியிருக்கின்றன.

சீசன் முடிகிறது. எடை நிரலை அப்படியே கூட்டினால் 4,860 கிலோ. நாடு வாரியாகத் தனித்தனியே கூட்டி, அந்த 14 விடைகளையும் சேர்த்தால் 4,215 கிலோ. 645 கிலோ மிளகைக் காணவில்லை. திரையில் ஒரு பிழைச்செய்திகூட இல்லை. 14 கட்டங்களிலும் நம்பும்படியான எண்கள்தான் நிற்கின்றன.

எல்லா எண்களையும் கூட்டாமல், ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் எண்களை மட்டும் கூட்டுவதை நிபந்தனைக் கூட்டல் எனலாம். எக்செலில் இதற்கு மூன்று வழிகள் பிரபலம். ஒரே நிபந்தனை என்றால் சம்இஃப். பல நிபந்தனைகள் என்றால் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த சம்இஃப்ஸ். அதற்கும் முன்பிருந்தே பழகியவர்கள் கையாளும் சம்ப்ராடக்ட். முதல் இரண்டிலும் ஒரு வழுக்குமரம் உண்டு. சம்இஃப் சூத்திரத்தில் கூட்ட வேண்டிய நிரலைக் கடைசியில் தர வேண்டும். சம்இஃப்ஸில் அதையே முதலில் தர வேண்டும். ஒன்றை மற்றொன்றாக மாற்றி எழுதும்போது தடுமாறாதவர்கள் குறைவு.

சூத்திரத்தை எடைபோடும் ஆளாக நினைத்துப் பாருங்கள். ‘அரியூர் நாடு என்று சீட்டு ஒட்டிய மூட்டையை மட்டும் தராசில் வை’ என்று அவரிடம் சொல்லிவிட்டோம். அவர் சொன்ன சொல் தட்டாதவர். சீட்டில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் மூட்டையை ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதை நம்மிடம் வந்து சொல்லவும் மாட்டார். ஒதுக்குவதும் அவருக்கு இட்ட வேலைதானே? ஒரு மூட்டையும் பொருந்தாவிட்டால் ‘பூஜ்யம்’ என்பார். அதுவும் முறையான விடைதான். வழக்கமான சூத்திரப் பிழைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. பூஜ்யத்தால் வகுத்தால் கணினி கத்தும். தவறான சீட்டைப் பார்த்தால் கத்தாது.

ஆக, ஒதுக்கப்பட்ட சீட்டுகளைத்தான் தேட வேண்டும். 14 நாடுகளின் சரியான பெயர்களை ஒரு தனித்தாளில் எழுதுங்கள். பிறகு கொள்முதல் தாளில் ஒரு புது நிரல் சேர்த்து, ஒவ்வொரு வரியிலும் கவுன்ட்இஃப் கொண்டு கேளுங்கள்: இந்த வரியில் உள்ள பெயர் அந்தப் பட்டியலில் எத்தனை முறை வருகிறது? 1 என்றால் சரி. 0 என்றால் அந்த வரி எந்த நாட்டின் கூட்டலிலும் சேரவில்லை.

நம் கணக்கில் பூஜ்யம் வந்த வரிகளைத் திரட்டிப் பார்த்தால் மூன்று வகை. சில வரிகளில் ‘வாழவந்திநாடு’ என்று இடைவெளி இல்லாமல் சேர்த்து எழுதியிருக்கிறது. அதில் 410 கிலோ. சில வரிகளில் ‘திண்ணனூர் நாடு’ என்று டண்ணகரம் போட்டிருக்கிறது, 90 கிலோ. மூன்றாவது வகைதான் படுத்தும். ‘அரியூர் நாடு’ என்று பார்வைக்குச் சரியாகவே இருக்கிறது, ஆனால் பொருந்தவில்லை, 145 கிலோ. மூன்றையும் கூட்டினால் 645.

அந்த மூன்றாவது வகையை உற்றுப் பார்க்க லென் என்ற செயற்கூறு இருக்கிறது. ஒரு கட்டத்தில் எத்தனை குறிகள் பதிவாகியிருக்கின்றன என்று அது எண்ணிச் சொல்லும். பட்டியலில் உள்ள ‘அரியூர் நாடு’க்கு ஓர் எண், இந்த வரிக்கு அதைவிட ஒன்று கூடுதல். கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தட்டச்சு செய்தவர் பழக்கத்தில் ஸ்பேஸ் பட்டையை ஒருமுறை அதிகம் தட்டியிருப்பார். ட்ரிம் செயற்கூறு அதை நீக்கிவிடும். வலைப்பக்கத்தில் இருந்து நகலெடுத்து ஒட்டியது என்றால் ட்ரிம்முக்கும் மசியாத இடைவெளி ஒன்று வந்திருக்கலாம். சாதாரண இடைவெளியின் குறியெண் 32. வரி உடையாமல் இருப்பதற்காக வலைப்பக்கங்களில் போடும் இடைவெளியின் குறியெண் 160. கண்ணுக்கு இரண்டும் வெற்றிடம்தான், ஆனால் ட்ரிம் 32-ஐ மட்டுமே அறியும். 160-ஐத் தனியாகத் தேடி மாற்ற வேண்டும்.

தமிழில் கணக்கு வைப்பவர்களுக்கு இதற்கு மேலும் சில பொறிகள் உண்டு. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எக்செல் கையேடுகளில் இவற்றைப் பார்க்க முடியாது. ‘கௌரி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்து எழுதினால் கணினிக்கு நான்கு குறிகள். ககரத்தோடு எகரக் கொம்பைப் போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தனி எழுத்தாகத் தட்டினால் ‘கெளரி’, ஐந்து குறிகள். பல எழுத்துருக்களில் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கணினிக்கோ இவர்கள் இரண்டு பெண்கள். ‘ஸ்ரீ’யும் அப்படித்தான். ஸகரத்தை வைத்தும் எழுதலாம், ஶகரத்தை வைத்தும் எழுதலாம், திரையில் உருவம் ஒன்றே. ‘கொல்லிமலை’யின் முதல் எழுத்தில் ககரத்தோடு சேரும் ஒகரத்தையே ஒரே குறியாகவும் பதியலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் பதியலாம். ஒருங்குறி விதிப்படி இரண்டும் சமம்; அந்தச் சமத்தைச் சில மென்பொருள்கள் மதிக்கும், சில மதிக்காது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்பதற்கு முன் வெவ்வேறு எழுத்துரு முறைகளில் தட்டச்சான பழைய கோப்புகளை இன்றைய தாளில் கொண்டுவந்து சேர்த்தால் இன்னும் சிக்கல். அங்கே திரையில் தெரிந்தது தமிழ், உள்ளே பதிவானது பெரும்பாலும் ரோமன் எழுத்துகளின் குறியெண்கள்.

தருமபுரி மாவட்டத்தில் 1989-இல் தொடங்கி, நாமக்கல் அப்போது உள்ளடங்கியிருந்த சேலம் மாவட்டத்துக்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் கணக்குகளும் இதே அமைப்பில் உள்ளவைதாம். உறுப்பினர் பெயர், தேதி, தொகை. அதிலிருந்து பெயர்வாரியாகக் கூட்டல். அங்கே ஒரு கௌரி இரண்டாகப் பிரிந்தால், அவர் கட்டிய தவணைகளில் பாதி அவர் பெயரில் வராது.

சரி, பெயர்களைத் திருத்திவிட்டோம். நாடு வாரிக் கூட்டலும் 4,860, மொத்தக் கூட்டலும் 4,860. டேலி ஆகிவிட்டது. இங்கேதான் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. பகுதிகளின் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துப்போவது நல்ல சோதனை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்திருந்தால் அப்போதும் ஒத்துப்போகும்.

எடை நிரலில் ஒருவர் ‘25 கி’ என்று அலகையும் சேர்த்துத் தட்டியிருக்கிறார். இன்னும் இரண்டு வரிகளில் எண்ணுக்கு முன் மேற்கோள் குறி ஒன்று ஒட்டியிருக்கிறது. மூன்றுமே எக்செலுக்கு எண்கள் இல்லை, எழுத்துகள். சாதாரணக் கூட்டல் எழுத்தைக் கண்டால் தாண்டிப் போகும். சம்இஃப்ஸும் தாண்டிப் போகும். இரண்டும் ஒரே வரிகளைத் தாண்டியதால் விடைகள் கைகோத்து நிற்கின்றன. இதைப் பிடிக்க வேறு கேள்வி வேண்டும். எண்கள் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணுவது கவுன்ட். எதுவாவது எழுதப்பட்டிருக்கும் எல்லாக் கட்டங்களையும் எண்ணுவது கவுன்ட்ஏ. எடை நிரலில் கவுன்ட்ஏ 212 என்கிறது, கவுன்ட் 209 என்கிறது. மூன்று வரிகள் எண்வேடம் போட்ட எழுத்துகள். அவற்றில் மொத்தம் 96 கிலோ. உண்மையான மொத்தம் 4,956. நாம் எதோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தோமோ அந்த அளவுகோலே குறைவாக இருந்திருக்கிறது.

சூத்திரம் உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்தப் பிழைகளை முன்கூட்டியே ஊகிக்க முடியும். ஒவ்வொரு வரியிடமும் ஒரு கேள்வி: ‘உன் நாடு அரியூர்தானா?’ ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. அந்த 1 அல்லது 0-ஐ அந்த வரியின் எடையால் பெருக்கு. ஆம் என்ற வரியின் எடை அப்படியே நிற்கும், இல்லை என்ற வரியின் எடை பூஜ்யமாகும். பிறகு எல்லாவற்றையும் கூட்டு. அவ்வளவுதான். உண்மை, பொய் இரண்டையும் எண்களைப் போல நடத்தலாம் என்ற எண்ணம் ஜார்ஜ் பூல் 1854-இல் எழுதிய தருக்க நூலில் வேர்கொண்டது. நிபந்தனையையே 1, 0 ஆக்கிச் சூத்திரத்துக்குள் பெருக்கும் முறையைக் கென்னத் ஐவர்சன் 1962-இல் தன் கணினி மொழி நூலில் வைத்தார். சம்ப்ராடக்ட் இதைத்தான் செய்கிறது.

இதை நம்பச் சொல்லவில்லை, கண்ணால் பார்க்கலாம். சம்ப்ராடக்ட் சூத்திரத்தில் நிபந்தனைப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, விசைப்பலகையில் எஃப்9-ஐ அழுத்துங்கள். அந்த இடத்தில் ‘உண்மை, பொய், பொய், உண்மை’ என்று ஒவ்வொரு வரியின் பதிலும் ஆங்கிலத்தில் வரிசையாக விரியும். எந்த வரியில் உண்மை வரவேண்டுமோ அங்கே பொய் நின்றால் திருடன் அகப்பட்டான். பார்த்து முடித்ததும் எஸ்கேப் விசையை அழுத்த மறக்க வேண்டாம்; என்டர் தட்டினால் அந்தப் பதில்களே சூத்திரத்தில் நிரந்தரமாகிவிடும்.

இந்தப் பார்வையில் இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து பொருந்த வேண்டும் என்றால் 1, 0-களைப் பெருக்க வேண்டும். ஏதாவது ஒன்று போதும் என்றால் கூட்ட வேண்டும். கூட்டும்போது இரண்டுக்குமே பொருந்தும் வரி 2 ஆகிவிடும், அதன் எடை இருமுறை ஏறும். ‘அரியூர் நாட்டில் இருந்து வந்தது, அல்லது 50 கிலோவுக்கு மேற்பட்டது’ என்று கேட்டால் அரியூரின் 60 கிலோ 120 ஆகும். பகுதி மொத்தத்தை மிஞ்சும் விசித்திரத்துக்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வங்கிக் கணக்கு எண். எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்கள் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்கக் கணக்கு எண்ணை எழுத்தாகவே பதிந்து வைத்திருந்தாலும், சம்இஃப் குடும்பம் ஒப்பிடும்போது அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். கடைசி இலக்கத்தில் மட்டும் வேறுபடும் இரு விவசாயிகள் அதற்கு ஒருவராகத் தெரிவார்கள். இங்கே சம்ப்ராடக்ட் கொண்டு எழுத்தோடு எழுத்தை நேரடியாக ஒப்பிடுவதே பாதுகாப்பு.

‘50 கிலோவுக்கு மேல்’ என்ற எல்லையை ஒரு கட்டத்தில் எழுதிவைத்து, சூத்திரம் அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால் வரும் தவறும் பரவலானது. ‘விடப் பெரியது’ குறி மேற்கோளுக்குள் இருக்க வேண்டும். கட்டத்தின் பெயர் மேற்கோளுக்கு வெளியே, இணைப்புக் குறிக்குப் பின் வர வேண்டும். கட்டத்தின் பெயரையும் உள்ளே தள்ளிவிட்டால், அந்தக் கட்டத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு அந்தப் பெயரையே எழுத்தாக எடுத்துக்கொண்டு ஒப்பிடும். விடை பூஜ்யம்.

எந்த வரி முதல் எந்த வரி வரை என்று எல்லை வகுப்பதில் வரும் தவறு இதைவிட ஆபத்து. நாடு நிரலை 2-ஆம் வரியில் இருந்தும் எடை நிரலை 3-ஆம் வரியில் இருந்தும் தந்துவிட்டால், ஒரு கொள்முதலின் பெயரோடு அடுத்த கொள்முதலின் எடை சேரும். இரண்டு எல்லைகளின் நீளம் ஒன்றாக இல்லாவிட்டால் சம்இஃப்ஸ் வேல்யூ என்ற பிழைச்செய்தியைக் காட்டி நின்றுவிடும். சம்இஃப் நிற்காது, தானே நீளத்தைச் சரிசெய்துகொண்டு ஒரு விடையைத் தரும். நீளம் ஒன்றாக இருந்து இடம் மட்டும் நகர்ந்திருந்தால் இரண்டுமே வாய் திறக்காது.

இப்படி ஓர் எல்லைப் பிழை உலக நாடுகளின் பொருளாதார விவாதத்திலேயே புகுந்திருக்கிறது. பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரும் 2010-இல், அரசுக் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி சுமார் மைனஸ் 0.1 சதவீதம் என்று எழுதினார்கள். கடன் அளவைப் பொறுத்து நாடுகளைப் பிரித்து, பிரிவுவாரியாகச் சராசரி எடுத்த கணக்கு அது. நம் நாடு வாரிக் கூட்டலின் உடன்பிறப்பு. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் அவர்களிடமே அந்த விரிதாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது, 49-ஆம் வரி வரை போக வேண்டிய சூத்திரம் 44-ஆம் வரியோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் விடுபட்டிருந்தன. 2013-இல் ஹெர்ன்டனும் அவருடைய பேராசிரியர்கள் இருவரும் வெளியிட்ட திருத்தக் கணக்கில் சராசரி 2.2 சதவீதம். இந்த வித்தியாசம் முழுவதும் அந்த ஐந்து வரிகளால் வந்ததில்லை. சில ஆண்டுகளின் தரவு விடுபட்டதும் சராசரி எடுத்த முறையும்தான் பெரும் காரணங்கள். ஆனாலும் மூன்று ஆண்டுகளாக ஊரெல்லாம் மேற்கோள் காட்டிய ஓர் எண்ணுக்குப் பின்னால் அந்த ஐந்து வரிகளும் வெளியே நின்றிருந்தன.

மிச்சம் இருப்பது தேதி. மாதவாரிக் கூட்டலைக் கெடுப்பது இது. எக்செலுக்குத் தேதி என்பது 1900 ஜனவரி 1-ஐ ஒன்று எனக் கொண்டு எண்ணிவரும் நாள் எண்ணிக்கை. 2024 மார்ச் 5 அதற்கு 45356. நாம் நாளை முதலில் எழுதுகிறோம். கணினி அமெரிக்க வழக்கில் அமைக்கப்பட்டிருந்தால் மாதத்தை முதலில் எதிர்பார்க்கும். 05/03/2024 என்று நாம் எழுதியது மே 3 ஆகி, 45415 என்று பதிவாகும். 25/03/2024 என்றால் 25-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அது எழுத்தாகவே நின்றுவிடும். வருடத்தின் 365 நாள்களில் 132 நாள்கள் இப்படி வேறு தேதியாக மாறும், 221 நாள்கள் எழுத்தாகும், நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் 12 நாள்கள் மட்டும் தப்பிக்கும்.

எழுத்தான தேதிகளைக் கண்டுபிடிப்பது எளிது. நிரலை அகலப்படுத்தினால், நாம் வேறு விதமாக அமைக்காதவரை எண்கள் வலப்பக்கமும் எழுத்துகள் இடப்பக்கமும் ஒதுங்கும். மாறிப்போன தேதிகள்தான் கடினம். அவை முறையான தேதிகள். வேறு மாதத்தில் உட்கார்ந்திருப்பதால், 12 மாதங்களையும் கூட்டினால் மொத்தத்தோடு ஒத்தே போகும். கவுன்ட்டும் கவுன்ட்ஏயும் இங்கே உதவாது. ஜனவரி முதல் மார்ச் வரை வாங்கிய கணக்கில் மிகப் பிந்திய தேதி எது என்று கேட்டுப் பாருங்கள். டிசம்பர் என்று வந்தால் விஷயம் தெரிந்துவிடும். பிப்ரவரி 3 மார்ச் 2 ஆகியிருந்தால் இந்தக் கேள்விக்கும் அகப்படாது. கையெழுத்து ரசீதோடு ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. உயிரியலாளர்களே இந்தத் தேதித் தொல்லையில் தோற்றார்கள். மார்ச்1 என்ற மரபணுவின் பெயரை எக்செல் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், மரபணுப் பெயர்களை நிர்ணயிக்கும் குழு 2020-இல் அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது.

ஆகவே புதிதாகக் கணக்குத் தொடங்குகிறவர்கள் நாட்டின் பெயரைத் தட்டச்சு செய்ய விடாதீர்கள். பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்கும் வசதியை டேட்டா வேலிடேஷன் தருகிறது. எடைக் கட்டத்தில் எண் மட்டும், தேதிக் கட்டத்தில் சீசனுக்குள் வரும் தேதி மட்டும் ஏற்குமாறும் அதிலேயே கட்டுப்படுத்தலாம். ஒட்டி நிரப்பும் தரவை இந்தக் காவல் தடுக்காது என்பதால், மேலே சொன்ன சோதனைகளைத் தாளின் அடியிலேயே நிரந்தரமாக எழுதி வையுங்கள்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன். சம்ப்ராடக்ட்டில் எடையைப் பெருக்கல் குறியால் சேர்த்திருந்தால், ‘25 கி’ என்ற ஒரே கட்டம் முழு விடையையும் வேல்யூ பிழையாக்கிவிடும். காற்புள்ளியால் பிரித்துத் தந்திருந்தால் அந்தக் கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு அமைதியாக விடை தரும். பலருக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. முதலாவதை எழுதியவர்களும் அசிங்கமாகத் தெரிகிறது என்று அதன்மேல் இஃப்எரர் போர்த்தி, பிழை வந்தால் பூஜ்யம் காட்டு என்று சொல்லிவிடுகிறார்கள். விவசாயிக்குப் பணம் கொடுக்க வைத்திருக்கும் தாளில் இதைச் செய்யாதீர்கள். பிழைச்செய்தி தெரிந்தால் காரணம் கண்டுபிடிக்கும்வரை அது தெரிந்தபடியே இருக்கட்டும், பட்டுவாடாவை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.